ஹுபைஷ் சொல்லாத சொல்

கூஃபா, ஸஃபர் மாதம்

அளவற்ற அருளாளன் பெயரால்.

ருமைஸா எழுதுவது, தன் தாய் வயிற்றில் தனக்கு முன்னால் பிறந்த ஜர்வலுக்கு. உனக்கும் அண்ணி லமீஸுக்கும் ஸலாம். உன் பல்வலி தேவலையா? நீ இருக்கிற ஷாம் நாட்டு ஆப்பிளைக் கடிக்க முடியாமல் அண்ணியிடம் நசுக்கித் தரச்சொல்லித் தின்கிறாயாம். கம்பளி வியாபாரிகள் இங்கே வந்து சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. தூசிக் காற்று ஆரம்பித்துவிட்டதால் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

இனி விஷயம். உன் மைத்துனர், என் கணவர் ஹுபைஷ், சிறையில் இருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை ஆளுநர் மேடையேறி வழக்கம்போல அலீயைச் சபித்தார். நபியின் மகளை மணந்தவர், கலீஃபாவாக இருந்தபோதும் நம் வீதியில் தன் செருப்பைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு நடந்தவர், இதே பள்ளிவாசலில் தொழ வந்த இடத்தில் வெட்டுண்டு உயிர்விட்டவர். அவர் இரத்தம் விழுந்த தரையில் நின்றுகொண்டே அவரைச் சபிக்க வேண்டும் என்று டமாஸ்கஸில் ஆட்சி செய்கிற அமீரிடமிருந்து ஆணை வருகிறது. ஆணையைக் கொண்டுவருகிறவர்கள் நீ காவல் காக்கிற வாசலைத் தாண்டித்தான் வருகிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

எல்லோரும் ஆமீன் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு கூழாங்கல் பறந்தது. அது ஆளுநரின் தலைப்பாகையில் பட்டது. பின்னாலேயே இன்னும் சில. பள்ளித் தரையில் விரித்த கல்தானே, குனிந்தால் கையில் வரும். உடனே கதவுகளை அடைத்தார்கள். பெண்களைப் பக்கவாசல் வழியாக விரட்டிவிட்டு, ஆண்களை ஒவ்வொருவராக வரச்சொல்லிச் சத்தியம் வாங்கினார்கள். "அல்லாஹ்மேல் ஆணை, நான் எறியவில்லை, எறிந்தது யாரென்றும் அறியேன்." சொன்னவனுக்கு வீடு, சொல்லாதவனுக்குச் சிறை. எறிந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் மளமளவென்று சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய் ரொட்டி தின்றார்கள். எறியாத ஹுபைஷ் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கல் வழக்கு போய் வேறு வழக்கு வந்துவிட்டது. சத்தியம் செய்ய மறுத்தவர்கள் எல்லாம் அலீயின் கட்சிக்காரர்களாம், ஆட்சியை உடைக்க வந்தவர்களாம். அவர்களை உங்கள் ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். அண்ணா, யார் உள்ளே போகலாம், யார் வெயிலில் காயலாம் என்று சொல்கிற இடத்தில் நீ நிற்கிறாய். அவரைக் கேட்டு வாங்கு. மன்னிப்புக் கேட்காதே, அது தப்புச் செய்தவனுக்கு. ஆளைக் கேள்.

உங்கள் இருவரின் நலத்தையும் படைத்தவனிடம் ஒப்படைத்து முடிக்கிறேன்.

ருமைஸா


டமாஸ்கஸ், ரபீயுல் அவ்வல்

கருணையாளன் பெயரைச் சொல்லி.

அமீரின் வாசற்காவலரில் ஒருவனான ஜர்வல் தன் தங்கைக்கு எழுதுவது. ஸலாம். பல் போய்விட்டது, வலியும் போய்விட்டது. உன் இருமலுக்குத் தேன் அனுப்பியிருக்கிறேன். கொண்டுவருகிற ஒட்டகக்காரன் நக்கியது போக மிச்சம் உனக்கு.

எறியாதவனுக்கு எறியவில்லை என்று சொல்வதற்கு என்ன கேடு? சத்தியம் செய்யாமல் நோன்பா பிடித்திருந்தான்? எனக்குக் கோபம்தான் வருகிறது, ஆச்சரியம் வரவில்லை. உன் கல்யாணத்துக்கு முன்னால் அவனிடம் ஒட்டகச் சேணம் வாங்கப் போனேன். நான் பையை அவிழ்ப்பதற்குள், "இடது வார் பாதிப் பாலைவனம் வரைக்கும்தான் தாங்கும்" என்றான். இப்படி ஒரு வியாபாரியை நீ எந்தச் சந்தையிலாவது பார்த்திருக்கிறாயா? அந்த வார் பாதிப் பாலைவனத்தில்தான் அறுந்தது.

சரி, கேள். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. பிடிபட்டவனுடைய உறவில் ஒரு பெரிய மனிதர் சபையில் எழுந்து, "என் உறவுக்காரனை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், விருந்தில் ஒரு இறைச்சித் துண்டை எடுத்து அடுத்தவர் தட்டில் வைக்கிற மாதிரி. அப்படிக் கேட்கிற உயரம் எனக்கு இல்லை. லமீஸின் பெரியப்பாவுக்கு உண்டு. கல்ப் குலத்தில் அவர் இருமினால் பத்துப் பேர் முதுகைத் தடவுகிறார்கள். அவரிடம் பேசிவிட்டேன்.

ஆனால் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு சாக்கு வேண்டும். நீ சிறைக்குப் போ. சத்தியத்தைச் சொல்லித் தொலைக்கச் சொல். எறிந்தது யாரென்று தெரிந்தால் பெயரைச் சொல்லட்டும். எவனோ ஒரு தறுதலை வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்க, என் மாப்பிள்ளை ஏன் விலங்கு மாட்டிக்கொள்ள வேண்டும்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும், தங்கச்சி. நான் பிழைக்கவில்லையா?

லமீஸ் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜர்வல்


கூஃபா, ரபீயுல் ஆகிர்

எல்லாப் புகழும் உரியவன் பெயரால்.

அண்ணா, ஸலாம். தேன் வந்தது. ஒட்டகக்காரன் நல்லவன், பாதி மிச்சம் வைத்திருந்தான். இருமல் குறைந்திருக்கிறது. அண்ணி நலமா?

தறுதலை என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்.

சிறைக்குப் போனேன். காவலாளிக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துச் சிறிது நேரம் பேச முடிந்தது. தாடியில் மண். கணுக்காலில் இரும்பு. ஆனால் ஆள் அப்படியேதான் இருக்கிறார். நீ சொன்னதைச் சொன்னேன், என் பங்குக்கு நானும் கேட்டேன். ஆமாம், சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள் என்று நான்தான் கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் எறியலன்னு சொல்றது ஒண்ணும் பெருசில்ல. ரெண்டாவது பாதிதான் தொண்டையில நிக்குது. எறிஞ்சது யாருன்னு நான்தான் பாத்தேனே."

அப்படியானால் பெயரைச் சொல்லச் சொல்கிறான் அண்ணன் என்றேன். என் முகத்தையே பார்த்து, "சொல்லவா?" என்று கேட்டுச் சிரித்தார். அதற்குமேல் பேசியதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

நேற்று அவர்களைக் கொண்டுபோனார்கள். ஊர் எல்லை வரை கூட நடந்தேன். காவலர் தலைவன், "அழுறதுன்னா வீட்டுல போய் அழு" என்றான். அழுவதற்கு ஒன்றும் இல்லை, வழி பார்த்து வைத்துக்கொள்ள வந்தேன் என்றேன். ஹுபைஷ் கடைசியாகச் சொன்னது கடையில் கிடக்கிற சேணத்தைப் பற்றி. உள்தையல் சரியில்லையாம், வாங்க வருகிறவனிடம் மறக்காமல் சொல்லிவிட வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமைகளில் நான் இப்போதும் பள்ளிக்குப் போகிறேன். போகாதே என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பள்ளி ஆளுநரின் அப்பன் வீடு இல்லை. ஆமீன் மட்டும் சொல்வதில்லை.

அவர் உன் கண்ணில் பட்டதும் எழுது. பசித்தால் கேட்கமாட்டார், நீயாகக் கொடு.

ருமைஸா


டமாஸ்கஸ், ஜமாதுல் ஆகிர், முதல் வாரம்

கருணையாளன் பெயரைச் சொல்லி.

தங்கச்சிக்கு ஸலாம். நாங்கள் நலம். லமீஸுக்கு இடுப்புவலி, மற்றபடி வாய் நன்றாக இருக்கிறது.

வந்துவிட்டார்கள். நகரத்துக்குள் விடவில்லை, வெளியே ஒரு புல்வெளியில் இருத்தியிருக்கிறார்கள். சூடான ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் எடுத்துப் போனேன். வாங்கினான், பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பங்கு போட்டான், கடைசித் துண்டைத் தான் தின்றான். "எண்ணெய் நல்லா இருக்கு மச்சான். ரொட்டியில உப்பு இல்ல" என்றான். சாவு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் அதன் செருப்பில் தையல் பிரிந்திருக்கிறது என்றுதான் இவன் சொல்லுவான்.

கல்லைப் பற்றி இங்கே யாருக்கும் அக்கறை இல்லை, ருமைஸா. இங்கே கேட்பது வேறு. "அலீயை விட்டு விலகினேன்" என்று ஒரு வரி. சொன்னவன் வீட்டுக்குப் போகலாம். சொல்லாதவர்களுக்கு அவர்கள் கண்முன்னாலேயே குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். இதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

பெரியப்பா சபையில் கேட்டார். கொடுத்தோம் என்றார்கள். ஆனால் அவன் அந்த வரியைச் சொல்லிவிட்டான் என்று உறவில் ஒருவர் வந்து சத்தியமாக உரைக்க வேண்டுமாம். உறவு என்றால் நான்தான். நான் அவனிடம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினேன். "மாப்ளே, நாக்குதானே அசையப் போகுது. நெஞ்சுக்குள்ள நீ யாரை வேணும்னாலும் வெச்சுக்கோ, அங்க எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்" என்றேன். அவன் சொன்ன பதிலை அப்புறம் எழுதுகிறேன். ஒட்டகக்காரன் கிளம்பிவிட்டான்.

நம்பிக்கையோடு இரு.

ஜர்வல்


டமாஸ்கஸ், ஜமாதுல் ஆகிர், கடைசி வாரம்

கருணையாளன் பெயரைச் சொல்லி.

ருமைஸா, ஸலாம். மகிழ்ச்சியான செய்தி. ஹுபைஷை விட்டுவிட்டார்கள். விலங்கை வெட்டி எடுத்து என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். லமீஸ் ஆட்டுத் தொடை சமைத்தாள். எல்லாம் சுமுகமாக முடிந்தது, யாரிடமும் எதுவும் விசாரிக்காதே. அவனோடு வந்தவர்களில் பலரின் கதை வேறு மாதிரி முடிந்துவிட்டது, அதைக் கேட்டு உனக்கு என்ன ஆகப்போகிறது.

வழி அமைதியாகும்வரை அவன் இங்கேயே இருக்கட்டும். கால் புண் ஆற வேண்டும். நலமாக இருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான். நீ தொழுகையில் எங்களை நினைத்துக்கொள்.

ஜர்வல்


கூஃபா, ரஜப், கடைசி வாரம்

மறைவானதும் வெளிப்படையானதும் அறிந்தவன் பெயரால்.

ஜர்வலுக்கு ஸலாம். அண்ணியின் இடுப்புவலிக்கு நல்லெண்ணெய் சுடவைத்துத் தடவச் சொல். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. கோபம் வந்தால் எனக்கு இருமல் கூட நின்றுவிடும் என்று உனக்குத் தெரியுமே.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே செய்தி இங்கே வந்துவிட்டது. ஆளுநர் மேடையில் நின்று அறிவித்தார்: சேணக்காரன் ஹுபைஷ் அலீயை விட்டு விலகிவிட்டான், மற்றவர்களும் அவனைப் பார்த்துப் புத்தி தெளியட்டும். தொழுகை முடிந்து வெளியே வந்தால் பாதிப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு வாழ்த்துகிறார்கள், மீதிப் பேர் என் நிழல் படாமல் விலகிப் போகிறார்கள். அந்தப் புல்வெளியிலேயே வெட்டுண்டு போன ஒருவரின் மனைவி கிணற்றடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை வைக்கவில்லை. "உன் புருஷன் கெட்டிக்காரன்டி. என் புருஷனுக்கு நாக்கு அவ்ளோ நீளமில்ல" என்றாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள். இதில் கெட்டிக்காரன் அவர் இல்லை, நீ. சந்தையில் கீரைக்காரி சொன்னதைக்கூட வார்த்தை பிசகாமல் எனக்கு எழுதுகிறவன் நீ. இந்தக் கடிதத்தில் மட்டும் அவர் பேசியதாக ஒரு சொல் இல்லை. ஆட்டுத் தொடையைப் பற்றிக்கூட அவர் ஒரு குறை சொல்லவில்லையா?

அவரை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், கேள். அந்த முதல் கல்லை எறிந்தது நான்.

பெண்கள் வரிசையில் தூண் ஓரமாக நின்றிருந்தேன். சபிக்கத் தொடங்கினார்கள். முன்னால் இருந்த முதுகுகளைப் பார்த்தேன், பாதிப் பேர் ஒருகாலத்தில் அலீயின் படையில் நின்றவர்கள், அத்தனை பேரும் ஆமீனுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். குனிந்தேன், எடுத்தேன், எறிந்தேன். மேடைப் படியைத்தான் குறிவைத்தேன், தலைப்பாகை அதுவாக வந்து வாங்கிக்கொண்டது. ஆண்கள் வரிசையின் கடைசியில் இருந்த ஹுபைஷ் திரும்பிப் பார்த்தார். என் கை இன்னும் கீழே இறங்கவில்லை. ஒரு பெண் எறிந்திருப்பாள் என்று எவனுக்கும் தோன்றாததால் எங்களிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. சிறையில் அவரிடம், நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீ சொன்னா உன்னையும் உள்ள வெப்பாங்க, என்னையும் விடமாட்டாங்க. எதுக்கு ரெண்டு பேர் வீணா" என்றார். எனக்கு அந்தக் கல்லில் வெட்கம் இல்லை, ஜர்வல். நீ எழுதிய தறுதலை நான்தான்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல், பொய்யும் சொல்லாமல் இருப்பதற்கு அந்த மனிதர் கண்டுபிடித்த ஒரே வழி வாயை மூடிக்கொள்வது. பெண்டாட்டி எறிந்த ஒரு கூழாங்கல்லுக்காகப் பொய்ச்சத்தியம் செய்யாத வாய், அலீயை விட்டேன் என்று சொல்லியிருக்காது. அவருக்காக நீ சத்தியம் செய்திருக்கிறாய். அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை. இல்லாவிட்டால் அவர் உன் வீட்டில் ஆட்டுத் தொடை தின்றிருக்கமாட்டார்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீதான் படித்துக் காட்ட வேண்டும். முழுவதும். கேட்டபின் அவர் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அவர் என் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று எனக்கு இருக்கிற ஆசையில் உனக்கு ஒரு பங்குகூட இருக்காது. இரவில் ஒட்டகச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். ஆனால் அவர் பெயரில் ஊர் முழுக்க ஒரு பொய் நடமாடிக்கொண்டிருக்க, அது அவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது. என்றைக்கோ ஒருநாள் சந்தையில் எவனோ சொல்லத்தான் போகிறான். அது உன் வாயால் வரட்டும்.

உங்கள் எல்லோருக்கும் நலம் வேண்டுகிறேன். பொய்யாக இல்லை.

ருமைஸா


கூஃபா, ரமலான், நோன்பின் கடைசி நாட்கள்

நோன்பை விதித்தவன் பெயரால்.

அண்ணா, ஸலாம். மூன்று கூட்டம் வியாபாரிகள் வந்து போய்விட்டார்கள். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நலமா என்று கேட்டால் நலம் என்கிறார்கள், அதற்குமேல் கேட்டால் ஒட்டகத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அவர் கடையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறேன். அந்தச் சேணம் விற்றுவிட்டது. உள்தையல் சரியில்லை என்று சொல்லித்தான் விற்றேன்.

எதுவாக இருந்தாலும் எழுது.

ருமைஸா


டமாஸ்கஸ், ஷவ்வால்

உயிர் கொடுப்பவனும் எடுப்பவனுமானவன் பெயரால்.

என் தாய் மகளுக்கு ஸலாம். லமீஸ் நலம். நான் உண்கிறேன், நடக்கிறேன்.

உன் கடிதம் ஷஅபானிலேயே வந்துவிட்டது. படித்தேன், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். படித்துக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். நீ நினைத்தது சரி. புல்வெளியில் அவன் சொன்ன பதில் ஒரே ஒரு சொல், "முடியாது மச்சான்." நான் எழுந்து நகரத்துக்கு வந்து, அவன் சொல்லிவிட்டான் என்று அல்லாஹ்மேல் ஆணையிட்டேன். அவனிடம், பெரியப்பா கேட்டார், சும்மா கொடுத்துவிட்டார்கள் என்றேன். நம்பினான். எவனும் பொய் சொல்லுவான் என்று அவனுக்குத் தோன்றுவதே இல்லை.

ருமைஸா, அவன் இங்கே மகிழ்ச்சியாக இருந்தான். என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துச் சேணங்களைத் தைத்தான். காவல் தலைவரின் குதிரைச் சேணத்தைப் பார்த்து, இதைச் செய்தவன் குதிரையையே பார்த்ததில்லை என்றான். உனக்கு ஒரு கம்பளி பார்த்து வைத்திருந்தான். அடுத்த கூட்டத்தோடு கிளம்புவதாக இருந்தான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உன் கடிதத்தை நான் எப்படி வெளியே எடுப்பேன்?

ரமலான் நடுவில் கூஃபாக்காரன் ஒருவன் வந்தான். இவன் தைத்துக் கொடுத்த வாரைத் தரையில் போட்டு, "உன் கை பட்டது எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஹுபைஷ் உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தான். "மச்சான், என் பேர்ல என்ன சொன்னீங்க?" என்றான்.

இடுப்பிலிருந்து எடுத்துப் படித்தேன். ஒரு வரியை விட்டிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. விடவில்லை. கல் எறிந்த இடம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தான், "அவ சின்னதுலேர்ந்தே குறி தப்பித்தான் எறிவாளா?" என்று கேட்டான். கடைசி வரை கேட்டுவிட்டு எழுந்து கைகால் கழுவிக்கொண்டான். கோபிப்பான் என்று பார்த்தேன். இல்லை. "எனக்காகத்தான் பண்ணீங்க. ஆனா அது என்னோட நாக்கு மச்சான், நீங்க அதை எடுத்துப் பேசக்கூடாது" என்றான்.

அமீரின் சபைக்குக் கிளம்பினான், நானும் கூடவே ஓடினேன். வாசலில் நான் நிற்கிற இடத்தில் நின்று திரையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே விடமாட்டேன் என்றேன். காலில் விழுந்தேன் என்றே வைத்துக்கொள். அவன் என்னைத் தூக்கி நிறுத்தி, "இந்தப் பொய்யைத் தலையில வெச்சுக்கிட்டு நான் எப்படிக் குனிஞ்சு தொழுவேன், நீங்களே சொல்லுங்க" என்றான். நான் திரையை விலக்கினேன். என் கைதான் விலக்கியது.

சபை நடுவில் நின்று, தெருவில் விலை சொல்கிற குரலில் சொன்னான்: "நான் அலீயை விட்டு விலகல. விலகினதா யார் சொல்லியிருந்தாலும் அது நான் சொன்னதில்ல." என் பெயரை அவன் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை அதே புல்வெளியில் முடித்துவிட்டார்கள். இரண்டு தொழுகை அளவு நேரம் கேட்டான், கொடுத்தார்கள். அவசரப்படாமல் தொழுதான்.

உடலை என்னிடம் கொடுத்தார்கள். புதைத்தேன். அதைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியாது.

நீ என்னை மன்னிப்பாயா என்று கேட்கப் போவதில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜர்வல்


கூஃபா, துல்கஅதா

எல்லோரும் திரும்பிச் செல்ல வேண்டியவன் பெயரால்.

அண்ணா, ஸலாம். அழுதேன். எழுதாமல் விட்டால் என்னைக் கல் என்று நினைப்பாய். பாயில் முகம் புதைத்து, கழுத்து வலிக்கிறவரை அழுதேன். படித்துக் காட்டச் சொல்லி எழுதிய கையை வெட்டிப் போடலாம் என்றிருந்தது. விடிந்ததும் எழுந்து முகம் கழுவினேன். மறுபடி அதே நிலைமை வந்தாலும் அதையேதான் எழுதுவேன்.

நீ மறைத்ததற்கும் படித்ததற்கும் சேர்த்து உன்னிடம் எனக்கு ஒரு கோபமும் மிச்சமில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது.

ஆளுநர் இங்கே புதுக் கதை கட்டியிருக்கிறார். ஹுபைஷ் டமாஸ்கஸில் காய்ச்சல் கண்டு இறந்தானாம். ஆட்சிக்கு அடங்கியவனாக இறந்தானாம். மைத்துனன் முறைப்படி குளிப்பாட்டி, கற்பூரம் வைத்து, கஃபன் துணி சுற்றி அடக்கினானாம். வீடு தேடி வந்து ஆறுதல் சொன்னார்கள். நான் அவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டேன்.

அநியாயமாக வெட்டுண்டவனை நம்மவர்கள் குளிப்பாட்டுவதில்லை. விழுந்த சட்டையோடு, இரத்தத்தோடு அனுப்புகிறோம். மறுமையில் அவன் வாய் திறக்க வேண்டியதில்லை, அந்த இரத்தமே பேசும். இது உனக்கும் தெரியும், இந்த ஊரில் ஒவ்வொருத்திக்கும் தெரியும். அதனால்தான் கிணற்றடியில் எல்லோரும் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள். அன்றைக்குக் குடத்தைத் தள்ளி வைத்தவளும் கேட்டாள், மெதுவாக, என் கையைப் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவரை நீ குளிப்பாட்டினாயா?

ருமைஸா


டமாஸ்கஸ், துல்ஹஜ்

உண்மையாளன் பெயரால்.

என் தாய் மகளுக்கு ஸலாம். லமீஸ் நலம். இந்தக் கடிதத்தை அவள்தான் முக்காட்டில் மறைத்து வெளியே கொண்டுபோகிறாள். நான் நகரத்துச் சிறையில் இருக்கிறேன். சாப்பாடு மோசமில்லை. ரொட்டியில் உப்பு இல்லை.

இல்லை. குளிப்பாட்டவில்லை.

உடலோடு ஒரு குடமும் கற்பூரமும் வெள்ளைத் துணியும் கொடுத்தனுப்பினார்கள். கூட ஒரு காவலன். காய்ச்சலில் செத்தவனைப் போலக் கழுவி அடக்கு என்று உத்தரவு. ஊர்க்காரர்கள் வேலியோரமாக வந்து நின்றுவிட்டார்கள். நான் குடத்தைத் தூக்கினேன், கழுவத்தான் தூக்கினேன், உன்னிடம் எதற்குப் பொய். அவன் சட்டையைப் பார்த்தேன். நான் இரவல் கொடுத்த சட்டை. இவன் வாய் மூடிய இடத்திலெல்லாம் நான் பேசிப் பேசியே உண்மையை மூடியிருக்கிறேன், இப்போது இவன் மேல் இருக்கிற இதையும் தண்ணீர் ஊற்றி மூடப் போகிறேனா என்று தோன்றியது. குடத்தைக் கீழே வைத்தேன். கற்பூரத்தைக் காவலனிடம் திருப்பிக் கொடுத்தேன். கிடந்த கோலத்திலேயே தூக்கிக் குழியில் இறக்கினேன். வேலியோரத்தில் ஒரு கிழவன் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அழ ஆரம்பித்தான். அவன் ஷாம் நாட்டுக்காரன், தங்கச்சி, நம் கட்சியும் இல்லை, நம் குலமும் இல்லை.

முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பேச்சுப் பரவி, ஹஜ்ஜுக்குப் போகிற கூட்டங்கள் அந்தக் குழியைக் கேட்டுக்கொண்டு வரத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் வாசலில் எனக்கு மேலே இருந்த தலைவர். என் கல்யாணத்தில் பரிமாறியவர். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "ஜர்வல், அன்னிக்குத் தண்ணி கிடைக்கல, அதனாலதான் கழுவலன்னு ஒரு வார்த்தை சொல்லு. அல்லாஹ்மேல் ஆணைன்னு சொல்லு. நாளைக்கே உன் கோலை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வா" என்றார்.

உனக்கே தெரியும், எனக்கு அது எவ்வளவு சுலபம் என்று. பெரியப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணால் கெஞ்சினார். ஜன்னலுக்கு வெளியே கால்வாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அந்தச் சத்தம்தான். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பெரியப்பா இன்னும் என்னைச் சபையில் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று லமீஸிடம் சொல்லியனுப்பிவிட்டேன். கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்தால் யாராவது என் பெயரில் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். இங்கே வைத்திருக்கட்டும், அனுப்பட்டும், எதுவும் செய்யட்டும். வாரம் ஒருமுறை வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள், அதே பதிலைச் சொல்கிறேன்.

கிணற்றடியில் கேட்கிறவர்களுக்கு அந்தப் பதிலையே சொல். தலைவர் முன்னால் சொன்னது இதுதான்: "தண்ணி இருந்துச்சு. எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு."

ஸலாம்.

ஜர்வல்